ரெய்ன் டாகெபெரா: கட்சிகளை எண்ணக் கற்றுக்கொடுத்த எஸ்டோனியர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அரசியல் அறிவியல் படிக்கிறவர்கள் எப்படியும் ஒரு நாள் ‘கட்சிகளின் பயனுறு எண்ணிக்கை’ என்ற சொல்லைச் சந்தித்துவிடுவார்கள். ஒரு நாட்டில் 5.9 கட்சிகள், இன்னொரு நாட்டில் 2.3 கட்சிகள் என்று கட்டுரைகள் பேசும்போது, கட்சியில் என்ன புள்ளி மூன்று, புள்ளி ஒன்பது என்று குழப்பமாக இருக்கும். அந்த எண்ணைத் தந்த இருவரில் ஒருவர் ரெய்ன் டாகெபெரா. இயற்பியல் படித்து, அகதியாக நாடு நாடாக அலைந்து, பின்னாளில் தன் தாய்நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலிலேயே நின்றவர். அவரைப் பற்றித் தமிழில் தேடினால் அதிகம் கிடைப்பதில்லை. மாணவர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

யார் இந்த ரெய்ன் டாகெபெரா?

1933 பிப்ரவரி 28 அன்று எஸ்டோனியாவின் டார்ட்டு நகரத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்வைன் வளாகத்திலும், பிறகு டார்ட்டு பல்கலைக்கழகத்திலும் அரசியல் அறிவியல் பேராசிரியர். தேர்தல் முறைகளைப் பற்றிய ஆய்வில் உலகம் முழுக்க அறியப்பட்ட பெயர். 1992இல் எஸ்டோனியக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். 2001இல் ரெஸ் பப்ளிகா என்ற புதிய கட்சிக்கு முதல் தலைவராக இருந்தார். இதை மட்டும் படித்தால் கல்வி ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என்று தோன்றும். அவருடைய வாழ்க்கையில் இரண்டும் அப்படிப் பிரிந்து இருக்கவில்லை.

பெயரை எப்படிச் சொல்வது என்றும் சிலர் கேட்பதுண்டு. எஸ்டோனிய மொழியில் அழுத்தம் முதல் அசையில் விழும். ‘டா’வை நீட்டிச் சொல்லி, மீதியை வேகமாகச் சொன்னால் போதும். தெற்கு எஸ்டோனியாவில் இதே பெயரில் ஓர் ஊரும் பழைய மாளிகையும் இருக்கின்றன. தேடும்போது அவை முதலில் வந்தால் குழம்ப வேண்டாம்.

சிறுவயதிலேயே நாட்டை விட்டுப் போக வேண்டிய காரணம் என்ன?

எஸ்டோனியா 1918இல் சுதந்திரம் அறிவித்த சின்ன நாடு. 1940இல் சோவியத் ஒன்றியம் அதை விழுங்கியது. 1941இல் ஜெர்மானியப் படை வந்தது. 1944இல் ஜெர்மானியர்கள் பின்வாங்க, சோவியத் படை திரும்பியது. நான்கே வருடத்தில் ஆட்சி மூன்று முறை மாறிய மண் அது. 1941 ஜூனில் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சைபீரியாவுக்கு ரயிலேற்றப்பட்டதை மக்கள் மறந்திருக்கவில்லை. அதனால் 1944இல் பல்லாயிரம் பேர் கிடைத்த படகிலும் கப்பலிலும் ஏறி சுவீடனுக்கும் ஜெர்மனிக்கும் ஓடினார்கள். பதினொரு வயது டாகெபெராவும் அந்த வருடம்தான் நாட்டை விட்டு வெளியேறினார்.

முதலில் ஜெர்மனி. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஓர் இடம்: மொராக்கோ. அன்று அது பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்தது. பள்ளிப் படிப்பை மராகேஷ் நகரத்தில்தான் முடித்தார். வடக்கே பால்டிக் கடலோரம் பிறந்த பையன் சகாரா பாலைவனத்துக்குப் பக்கத்தில் பள்ளி முடிக்கிறான் என்றால், போர் மனிதர்களை எவ்வளவு தூரம் தூக்கி எறியும் என்பது புரியும். அங்கிருந்து கனடா போனார்.

அவர் அரசியல் அறிவியல் படித்தவர்தானே?

தொடக்கத்தில் இல்லை. டொரான்டோ பல்கலைக்கழகத்தில் 1959இல் பொறியியல் இயற்பியலில் பட்டம், 1961இல் இயற்பியலில் முதுகலை. பிறகு அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1965இல் இயற்பியலில் முனைவர் பட்டம். டூபான்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் சில வருடம் வேலை. அந்த வேலையில் இருந்தபடியே 1969இல் சர்வதேச உறவுகளில் இன்னொரு முதுகலைப் பட்டம் வாங்கினார். 1970இல் எர்வைன் வளாகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு.

அந்த வயதில், நல்ல சம்பளம் தரும் ஆய்வக வேலையை விட்டுவிட்டு, புதிய துறையில் ஆரம்பத்திலிருந்து தொடங்குவது எளிதல்ல. ஆனால் அந்த இயற்பியல் அடித்தளம்தான் அவரை மற்ற அரசியல் அறிஞர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. கீழே வரும் சூத்திரங்களைப் பார்த்தால் இது தெளிவாகும்.

‘கட்சிகளின் பயனுறு எண்ணிக்கை’ என்றால் என்ன?

ஒரு நாடாளுமன்றத்தில் ஐந்து கட்சிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்சியிடம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு இடம். மற்ற நான்கும் ஒவ்வோர் இடம். இதை ஐந்து கட்சி நாடாளுமன்றம் என்று சொல்வது சரியாகுமா? இன்னொரு நாட்டில் ஐந்து கட்சிகளும் தலா இருபது இடம் வைத்திருந்தால், அதுவும் ஐந்து கட்சி நாடாளுமன்றம்தான். தலையை மட்டும் எண்ணினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

பின்லாந்தைச் சேர்ந்த மார்க்கு லாக்சோவும் டாகெபெராவும் 1979இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு வழி சொன்னார்கள். ஒவ்வொரு கட்சியின் பங்கையும் வர்க்கப்படுத்துங்கள். எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். அவ்வளவுதான். பங்கை அதே பங்கால் பெருக்குவதால் பெரிய கட்சி தானாகவே அதிக எடை பெறுகிறது, உதிரிக் கட்சி தானாகவே கரைகிறது. எந்தக் கட்சியை எண்ணுவது, எதை விடுவது என்று ஆய்வாளர் தன் விருப்பப்படி முடிவு செய்ய இடமே இல்லை.

பாதிக்குப் பாதி இரண்டு கட்சிகள் என்றால் விடை சரியாக 2. அறுபதுக்கு நாற்பது என்றால் 1.92. மேலே சொன்ன தொண்ணூற்றாறு இடக் கட்சி நாடாளுமன்றத்துக்கு 1.08. தலா இருபது வைத்திருக்கும் ஐந்து கட்சிகளுக்கு 5. இந்த அளவுகோல் இல்லாமல் கட்சி முறைகளை ஒப்பிடும் ஆய்வை இன்று பார்ப்பது அரிது. பொருளாதாரத்தில் ஒரு சந்தை சில நிறுவனங்களின் கையில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதை அளக்கும் சூத்திரத்தின் தலைகீழ் வடிவம்தான் இது என்றாலும், கட்சிகளுக்கு அதைப் பொருத்தி, ‘எத்தனை கட்சி’ என்ற எளிய கேள்விக்கு விடையாக மாற்றியது இவர்களுடைய பங்களிப்பு.

ஓர் உண்மையான தேர்தலை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி, அவருடைய சொந்த நாட்டையே எடுத்துக்கொள்வோம். சுதந்திரம் திரும்பிய பிறகு எஸ்டோனியாவில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல், 1992 செப்டம்பர் 20. மொத்தம் 101 இடங்கள். இஸமா கூட்டணிக்கு 29, ‘பாதுகாப்பான வீடு’ கூட்டணிக்கு 17, மக்கள் முன்னணிக்கு 15, மிதவாதிகளுக்கு 12, தேசிய சுதந்திரக் கட்சிக்கு 10, எஸ்டோனியக் குடிமகன் அணிக்கு 8, முடியாட்சி வேண்டும் என்று நின்ற சுயேச்சை அரசவாதிகளுக்கு 8, பசுமைக் கட்சிக்கு 1, தொழில்முனைவோர் கட்சிக்கு 1.

இடங்களின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 841, 289, 225, 144, 100, 64, 64, 1, 1. மொத்தம் 1729. மொத்த இடங்களின் வர்க்கம் 10,201. அதை 1729ஆல் வகுத்தால் 5.9. ஒன்பது அணிகள் உள்ளே வந்தன. ஆனால் அந்த அவையின் உண்மையான சிதறல் ஏறக்குறைய ஆறு சமமான கட்சிகள் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அந்த 1729ஐக் கண்டதும் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜன், ஹார்டி வந்த டாக்சியின் எண்ணைக் கேட்டதும் ‘இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்’ என்று சொன்ன அதே எண். வெறும் தற்செயல்தான், அதில் வேறு பொருள் இல்லை. ஆனாலும் முதல்முறை கூட்டிப் பார்த்தபோது எனக்கு மிகுந்த சந்தோஷமாக இருந்தது.

அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற கதை என்ன?

அதே நாளில்தான் அந்தத் தேர்தலும் நடந்தது. 1992இல் மட்டும் ஒரு விசேஷ ஏற்பாடு இருந்தது. முதல் சுற்றில் மக்கள் நேரடியாக வாக்களிப்பார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இருவரில் ஒருவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். அதற்குப் பிறகு எஸ்டோனியாவில் மக்கள் நேரடியாகக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் நடக்கவே இல்லை.

களத்தில் நால்வர். அர்னோல்ட் ரூட்டெல், சோவியத் காலத்தில் உயர் பதவியில் இருந்து, சுதந்திரத்துக்கு மாறும் காலத்தில் நாட்டை வழிநடத்தியவர், மக்களிடம் செல்வாக்கு மிக்கவர். லென்னார்ட் மெரி, எழுத்தாளர், வெளியுறவு அமைச்சராக இருந்தவர், இஸமாவின் வேட்பாளர். லாக்லே பாரெக், சோவியத் சிறை முகாமில் இருந்து வந்த போராளி. நான்காமவர் டாகெபெரா, மக்கள் முன்னணியின் வேட்பாளர்.

ரூட்டெலுக்கு நூற்றுக்குச் சுமார் 42, மெரிக்கு 29, டாகெபெராவுக்கு 23, பாரெக்குக்கு 4. யாரும் பாதியைத் தாண்டவில்லை. அக்டோபர் 5 அன்று நாடாளுமன்றத்தில் மெரி 59 வாக்கு பெற்றார், ரூட்டெல் 31. மெரி குடியரசுத் தலைவரானார்.

மூன்றாவது இடம் என்றால் தோல்விதானே?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அவரை நிறுத்திய மக்கள் முன்னணிக்கு அதே நாளில் நாடாளுமன்றத் தேர்தலில் கிடைத்தது நூற்றுக்குச் சுமார் 12. அவருக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாற்பத்தெட்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த ஒரு பேராசிரியருக்கு, நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான மக்கள் வாக்களித்திருக்கிறார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். ரூட்டெல் முதல் சுற்றிலேயே பாதியைத் தாண்டிவிடாமல் தடுப்பதே தன் நோக்கம் என்று பின்னாளில் அவரே எழுதினார். ஒரு வலுவான மூன்றாவது வேட்பாளர் இருந்தால் வாக்கு சிதறும், முடிவு நாடாளுமன்றத்துக்குப் போகும் என்பது தேர்தல் முறைகளை ஆராய்ந்த ஒருவருக்குத் தெரியாதா? நடந்தது அதுதான். அவர் இல்லாமலும் இதே முடிவு வந்திருக்குமா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் நிற்கிறவர் எல்லோரும் ஜெயிக்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தால் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. தேர்தல் அனுபவத்தை அடுத்த வருடமே ஓர் ஆய்விதழில் கட்டுரையாக எழுதினார். அரசியல் அறிவியலாளர் ஒருவர் தானே களத்தில் இறங்கினால் என்ன கற்றுக்கொள்கிறார் என்பதே அதன் பொருள்.

சோவியத் காலத்தில் வெளிநாட்டில் இருந்தபடி எஸ்டோனியாவுக்காக என்ன செய்தார்?

எழுதினார். இதை நான் அவருடைய சூத்திரங்களுக்குக் குறையாத பணியாக நினைக்கிறேன். லிதுவேனிய வம்சாவளி வரலாற்றாசிரியர் ரோமுவால்ட் மிஸியூனஸுடன் சேர்ந்து, 1940 முதல் 1980 வரை பால்டிக் நாடுகள் சோவியத் ஆட்சியில் என்ன ஆயின என்பதை 1983இல் ஒரு நூலாகக் கொண்டுவந்தார். அன்று மேற்கில் இருந்தவர்களில் பலருக்கு எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றும் வரைபடத்தில் மறைந்துபோன பெயர்கள். அந்த நாடுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பதை ஆதாரத்தோடு சொன்ன நூல் அது. 1986 முதல் 1988 வரை பால்டிக் ஆய்வுகளுக்கான சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

இன்னொரு சின்ன நூல் மனதை உலுக்குவது. யூரி குக் என்பவர் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியர். 1978இல் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து விலகினார். வேலை போனது. 1980இல் கைது செய்யப்பட்டார். சிறையில் உண்ணாவிரதம் இருந்தவரின் உயிர் 1981 மார்ச்சில் ரஷ்யாவின் வோலக்டாவில் பிரிந்தது. அவருடைய கதையைத்தான் டாகெபெரா 1984இல் நூலாக எழுதினார். சோவியத் ஆட்சி மேலுக்குச் சற்று இளகியதுபோல் தெரிந்தாலும், உள்ளே சுதந்திரம் எதுவும் பிறக்கவில்லை என்பது அதன் வாதம். தன்னைவிட ஏழு வயது இளையவர், தான் பிறந்த ஊரின் பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி. 1944இல் படகு கிடைக்காமல் போயிருந்தால் தனக்கும் இது நேர்ந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டாரா?

பின்னாளில் அக்கறை இன்னும் விரிந்தது. எஸ்டோனிய மொழிக்கு உறவான மாரி, உத்முர்த், கோமி, மோர்த்வின் போன்ற மொழிகளைப் பேசும் மக்கள் ரஷ்யாவுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்று 1999இல் தனி நூல் எழுதினார். சுதந்திரம் கிடைத்த மொழியின் மகன், கிடைக்காத மொழிகளைத் திரும்பிப் பார்த்தார்.

டார்ட்டு பல்கலைக்கழகத்தில் அவர் என்ன உருவாக்கினார்?

சோவியத் காலத்தில் அங்கே அரசியல் அறிவியல் என்ற துறை சுதந்திரமாக இயங்கவில்லை. கற்பிக்கப்பட்டது மார்க்சிய லெனினியப் பாடம். 1991 ஆகஸ்ட் 20 அன்று எஸ்டோனியா சுதந்திரத்தை மீட்டது. அதற்குப் பின் டார்ட்டுவில் புதிதாக ஒரு சமூக அறிவியல் பள்ளியைத் தொடங்க, அதன் முதல் தலைவராக வந்தவர் டாகெபெரா. 1994இல் அது முழு அளவிலான சமூக அறிவியல் புலத்தோடு இணைந்தது. 1998 வரை அங்கே அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தார். இதே காலத்தில் நாட்டின் புதிய அரசியல் சட்டத்தை எழுதிய பேரவையின் பணிகளிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

குடியரசுத் தலைவர் போட்டி எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் நீடித்தது இந்தப் பள்ளிதான் என்பது என் எண்ணம். தேர்தல் முடிவு ஒரு நாளில் பழசாகிவிடும். ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தெரிந்த ஐம்பது மாணவர்கள் ஒரு சின்ன நாட்டின் அரசு அலுவலகங்களிலும் பத்திரிகைகளிலும் உட்கார்ந்தால் முப்பது வருடத்துக்கு அதன் பலன் தெரியும். எஸ்டோனியாவின் மொத்த மக்கள்தொகையே 13 லட்சம் சொச்சம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடாளுமன்றத்தில் எத்தனை இடம் இருக்க வேண்டும் என்பதற்கும் அவர் விதி சொன்னாராமே?

ஆமாம், 1972இல். மக்கள்தொகையின் கனமூலம் எவ்வளவோ, நாடாளுமன்றத்தின் அளவு அதற்கு அருகில் இருக்கும் என்பது அந்த விதி. ஏன் கனமூலம்? காரணத்தைச் சொன்னதில்தான் அழகு இருக்கிறது.

ஓர் உறுப்பினருக்கு இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை உண்டு. ஒன்று தொகுதி மக்களோடு. உறுப்பினர்கள் குறைவாக இருந்தால் தொகுதி பெரிதாகி இந்தச் சுமை ஏறும். இன்னொன்று சக உறுப்பினர்களோடு. அவர்களோடு நேரடியாகப் பேசுவது மட்டுமல்ல, அவர்கள் ஒருவரோடு ஒருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அவை பெரிதானால் இந்தச் சுமை மளமளவென்று பெருகும். இரண்டு சுமையும் சேர்ந்து எந்த இடத்தில் மிகக் குறைவோ அதைக் கணக்கிட்டால் கனமூலம் வருகிறது.

கனடாவில் 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 3.7 கோடி. கனமூலம் 333. அந்த வருடத் தேர்தலில் இருந்த இடங்கள் 338. எஸ்டோனியாவில் 1989இல் 15.7 லட்சம் பேர், கனமூலம் 116, நாடாளுமன்றம் 101. பின்லாந்தில் 55 லட்சம், கனமூலம் 177, இடங்கள் 200. பொருந்தாத நாடுகளும் உண்டு. பிரிட்டனின் கீழவை 650 இடங்களோடு விதியைவிட மிகப் பெரியது. அமெரிக்காவின் கீழவை 435 இடங்களோடு மிகச் சிறியது. இந்தியாவின் 140 கோடிக்குக் கனமூலம் சுமார் 1,119. மக்களவையில் இருப்பதோ 543. இந்த விதி கட்டளை இல்லை. எந்த நாடு பொதுப் போக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் கோடு, அவ்வளவே. விலகல் தெரிந்தால்தான் அதற்கான காரணத்தைத் தேட முடியும்.

அவருடைய ஆய்வின் உச்சம் எது?

தேர்தல் விதியை மட்டும் பார்த்து, எத்தனை கட்சி வரும் என்று முன்கூட்டியே சொல்லும் சூத்திரம். மாத்யூ ஷுகார்ட் என்பவரோடு 1989லும் 2017லும் எழுதிய நூல்களும், தனியாக 2007இல் எழுதிய நூலும் இந்த வழியில் நடப்பவை.

தொடக்கம் வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தொகுதியில் எத்தனை கட்சிகள் இடம் பிடிக்கும்? குறைந்தது ஒன்று, அதிகம் போனால் ஒன்பது. வேறு எதுவுமே தெரியாது என்றால் எந்த எண்ணைச் சொல்வீர்கள்? பலர் நடுவில் இருக்கும் ஐந்தைச் சொல்வார்கள். டாகெபெரா மூன்றைச் சொல்கிறார். ஒன்றிலிருந்து மூன்று, மூன்று மடங்கு. மூன்றிலிருந்து ஒன்பது, அதுவும் மூன்று மடங்கு. அதாவது பெருக்கல் சராசரி. அப்படிப் பார்த்தால் சராசரியாக இடம் பிடிக்கும் கட்சிகளின் எண்ணிக்கை, தொகுதியின் இடங்களுக்கு வர்க்கமூலம். பல நாட்டுத் தரவுகளின் சராசரி இதற்கு அருகில்தான் விழுகிறது.

இதே சிந்தனையைப் படிப்படியாக மேலே கொண்டுபோனால், தொகுதிக்கு எத்தனை இடம் என்பதையும் அவையில் மொத்தம் எத்தனை இடம் என்பதையும் பெருக்கி, அதற்கு ஆறாம் மூலம் எடுத்தால் கட்சிகளின் பயனுறு எண்ணிக்கை கிடைக்கும். பிரிட்டனில் தொகுதிக்கு ஒருவர், மொத்தம் 650. ஆறாம் மூலம் 2.94. நெதர்லாந்தில் நாடே ஒரே தொகுதி, 150 இடம். 150ஐ 150ஆல் பெருக்கி ஆறாம் மூலம் எடுத்தால் 5.3. நெதர்லாந்தில் கடந்த சில தேர்தல்களில் கட்சிகள் இதைவிட அதிகமாகச் சிதறியிருக்கின்றன. ஆனாலும் ஒரு நாட்டின் மொழி, மதம், சாதி, வரலாறு எதையும் கேட்காமல், இரண்டே எண்களை வைத்து இவ்வளவு அருகில் வர முடிகிறதே என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

மற்ற சமூக அறிவியலாளர்களோடு அவருக்கு என்ன சண்டை?

சண்டை என்றே சொல்லலாம். 2008இல் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். அவருடைய புகார் இது: தரவைக் கணினியில் போட்டு, எந்தக் காரணி எதோடு சேர்ந்து நகர்கிறது என்று நேர்கோடு வரைவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ‘இது கூடினால் அது கூடும்’ என்று மட்டும் சொல்கிறார்கள். எவ்வளவு கூடும், ஏன் அவ்வளவு கூடும் என்று யாரும் முன்னால் சொல்வதில்லை.

இதைக் காட்ட ஒரு சோதனை செய்தார். ஈர்ப்பு விசையின் சூத்திரத்தை வைத்து எண்களைத் தயாரித்து, அவை எங்கிருந்து வந்தன என்று சொல்லாமல், தரவு ஆய்வில் தேர்ந்த சமூக அறிவியலாளர்களுக்கு அனுப்பினார். இவற்றுக்குள் என்ன உறவு என்று கண்டுபிடியுங்கள் என்றார். வழக்கமான புள்ளியியல் முறைகளைப் போட்டுப் பார்த்தார்கள். அடியில் இருந்த விதியை யாரும் பிடிக்கவில்லை. முதலில் யோசித்து ஓர் எண்ணைச் சொல், அப்புறம் தரவைப் பார் என்பதுதான் அவருடைய பாடம். முதலில் சொன்ன எண் தவறானால் தவறு எங்கே என்று தெரிந்துவிடும். எதையும் முன்னால் சொல்லாதவருக்குத் தவறவே வாய்ப்பில்லை, அதனால் கற்கவும் வாய்ப்பில்லை.

சமூகத்தை இயற்பியல்போலப் பார்க்க முடியுமா, மனிதர்கள் அணுக்களா என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் தனியொரு வாக்காளர் என்ன செய்வார் என்று டாகெபெரா எங்கும் சொல்லவில்லை. கோடிப் பேரின் சராசரியைத்தான் சொல்கிறார்.

ரெஸ் பப்ளிகா கட்சியில் என்ன நடந்தது?

ரெஸ் பப்ளிகா முதலில் இளைஞர்களின் அரசியல் மன்றமாக இருந்தது. 2001 டிசம்பரில் கட்சியாக மாறியபோது அதற்கு நம்பகமான, கறைபடாத ஒரு முகம் தேவைப்பட்டது. அறுபத்தெட்டு வயது டாகெபெரா தலைவர் பொறுப்பை ஏற்றார். சில மாதங்களே இருந்தார். 2002 ஆகஸ்டில் யூஹான் பார்ட்ஸ் தலைவரானார். 2003 மார்ச் தேர்தலில் கட்சி 28 இடம் பிடித்தது. மத்தியக் கட்சி என்ற இன்னொரு கட்சிக்கும் அதே 28. பார்ட்ஸ் பிரதமரானார். பிறந்து பதினைந்தே மாதமான கட்சிக்கு அது பிரமாண்டமான வெற்றி.

சரிவும் அதே வேகத்தில் வந்தது. 2004 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நூற்றுக்கு ஏழுகூட வரவில்லை, ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2005இல் பார்ட்ஸ் அரசு விழுந்தது. 2006இல் கட்சி வேறொரு கட்சியோடு இணைந்துவிட்டது. அந்த வருடமே டாகெபெரா இந்தக் கட்சியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். அதன் தலைப்பிலேயே எரிகல் வந்துவிடுகிறது. தான் தொடங்கிவைத்த கட்சியை மேசைமேல் வைத்துக் கூறு கூறாகப் பார்ப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும். அது அவரிடம் இருந்தது.

என்ன விருதுகள் பெற்றார்?

2008இல் யோஹான் ஷுட்டே பரிசு. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் சார்ந்து வழங்கப்படும் இதை அரசியல் அறிவியலின் நோபல் என்றே பலர் சொல்வார்கள். மக்களாட்சியில் தேர்தல் முறைகள் எப்படி இயங்குகின்றன என்பதை ஆழமாக ஆராய்ந்ததற்காகக் கொடுத்தார்கள். 2016இல் உலக அரசியல் அறிவியல் சங்கத்தின் கார்ல் டாய்ச் விருதும் கிடைத்தது.

ஷுட்டே என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. யோஹான் ஷுட்டே 1622இல் உப்சாலாவில் அரசியலுக்கென ஒரு பேராசிரியர் இருக்கையை நிறுவியவர். பத்து வருடம் கழித்து, 1632இல், டார்ட்டு பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் வேந்தரும் அவர்தான். அன்று அந்தப் பகுதி சுவீடன் ஆட்சியில் இருந்தது. இன்று டார்ட்டுவின் அரசியல் ஆய்வு நிறுவனத்துக்கும் ஷுட்டேயின் பெயர்தான். டார்ட்டுவில் பிறந்து, அங்கேயே அரசியல் அறிவியலை மீண்டும் நட்டவருக்கு, டார்ட்டுவின் முதல் வேந்தர் பெயரில் பரிசு.

பேரரசுகளின் பரப்பளவு பற்றித் தேடினாலும் இவர் பெயர் வருகிறதே?

அதே ஆள்தான். 1978, 1979, 1997 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில், பழங்காலம் தொட்டுப் பெரிய பேரரசுகள் எந்த வருடத்தில் எவ்வளவு நிலத்தை ஆண்டன என்று அட்டவணை போட்டார். மௌரியப் பேரரசும் அதில் உண்டு. உலகின் பெரிய பேரரசுகள் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களின் எண்கள் பலவற்றுக்கு மூலம் இந்தக் கட்டுரைகளே. பேரரசு எப்படி வளர்கிறது, எப்போது தேய்கிறது என்று அளந்து பார்க்கும் ஆசை, ஒரு பேரரசால் சொந்த ஊரை இழந்தவருக்கு வந்ததில் வியப்பில்லை.

அவரைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

கணக்கு பிடிக்காதவர்கள் 1993இல் எஸ்டோனியா சுதந்திரத்துக்குத் திரும்பிய கதையை அவர் எழுதிய நூலில் தொடங்கலாம். கணக்கைக் கண்டு பயப்படாதவர்களுக்கு, சமூக அறிவியல் மாணவர்களுக்காக எண்களின் அடிப்படையிலிருந்து அவர் எழுதிய பாடநூல் ஒன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பத்தாம் வகுப்பு அளவு கணக்குத் தெரிந்தால் போதும். ஆறாம் மூலம் எடுப்பது எப்படி என்று பலர் கேட்பார்கள்: முதலில் வர்க்கமூலம் எடுத்து, வந்த விடைக்குக் கனமூலம் எடுங்கள். செல்பேசியில் இருக்கும் கால்குலேட்டரே இதைச் செய்துவிடும்.